கடலைக்காட்டு விரியன்

ஜூலை 6, ஞாயிறு

இன்று நிலக்கடலை விதைத்தோம். வெள்ளிக்கிழமை பெய்த மழையின் ஈரம் இன்னும் இருக்கிறது. ஏர் ஓட்டியது பக்கத்து வீட்டு நஞ்சப்பன் அண்ணன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய கொல்லை நிலத்தில் களை எடுக்கும்போது நானும் என் வீட்டுக்காரரும் போய் நிற்போம், அதுதான் எங்களுக்குள் கணக்கு.

மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் விமலா அக்கா, தினமும் இரண்டு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எப்போது விதைத்தோம், எப்போது மழை, என்ன நோய் வந்தது என்று தெரிந்தால் அடுத்த வருடத்துக்கு உதவுமாம். குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான்தான் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்களுக்கு இது மூன்றாவது விதைப்பு. அதற்கு முன்னால் பெங்களூரில் கட்டட வேலை. மாமனார் படுக்கையில் விழுந்தபோது மாடு, ஆடு, என் தோடு எல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயின. அவரும் போனார். பிறகு தகரக் கொட்டகையில் ஐந்து வருடம். எங்கள் மகள் ஹேமா மணல் குவியலில்தான் வளர்ந்தாள். குழு மூலமாக உதவி கிடைத்த பிறகுதான் ஊருக்குத் திரும்பி, இந்த மேட்டு நிலத்தில் கல் பொறுக்கி, வரப்பு போட்டு, ஒரு மாடும் வாங்கினோம். இப்போது ஹேமா ஆறாவது படிக்கிறாள்.

“ஏறி வர்றது ஒரு வேலைன்னா, மறுபடியும் விழாம இருக்கறது அதவிடப் பெரிய வேலை, மாதேஸ்வரி” என்று விமலா அக்கா சொல்வார்.

ஜூலை 15, செவ்வாய்

முளைப்பு நன்றாக இருக்கிறது. காக்கை விரட்ட ஹேமாவை நிறுத்தினேன். மாட்டுக்குப் பால் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே காவேரிக்குக் குளிக்கப் போனது. நாங்கள் போகவில்லை. செடி பூத்திருக்கிறது, களை எடுத்து மண் அணைக்க வேண்டும். நஞ்சப்பன் அண்ணனின் மனைவி பச்சியம்மா அண்ணி, ஆற்றிலிருந்து வரும்போது எனக்கு மஞ்சள் கயிறும் ஹேமாவுக்கு வளையலும் வாங்கி வந்தார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் சுகன்யா ஒன்பதாவது.

ஆகஸ்ட் 20, புதன்

கரட்டுக் குன்று ஓரத்தில் கோவிந்தன் வீடு பூட்டியிருக்கிறது. அவருடைய மரவள்ளியைக் காட்டுப்பன்றி முழுவதும் தோண்டித் தின்றுவிட்டதாம். குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். வாசலில் அடுப்புக்கல் மட்டும் கிடக்கிறது. பூனை ஒன்று கதவடியில் படுத்திருந்தது.

மழை இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் கொல்லைக்குப் போனால் மேற்கு மூலை கலப்பை ஓட்டியதுபோலக் கிடந்தது. செடியெல்லாம் வேரோடு புரண்டு கிடக்கிறது. பிஞ்சுகூட இன்னும் பால் பிடிக்கவில்லை, அதற்குள் வந்துவிட்டன. குளம்புத் தடம் பெரிது, சிறிது எல்லாம் கலந்து இருந்தது. குட்டிகளையும் கூட்டி வந்திருக்கின்றன.

இவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். காபி கொண்டுபோனேன். குடிக்கவில்லை. வனத்துறையில் மனு கொடுத்துவிட்டு வந்தார். வந்து பார்ப்பதாகச் சொன்னார்களாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

என் பழைய சேலைகளைக் கிழித்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டினோம். முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு மூட்டை முடி வாங்கி வந்து வரப்பில் தூவினார். மூக்கில் ஏறினால் பன்றி திரும்பிப் போய்விடுமாம். தகர டப்பாக்களும் தொங்குகின்றன. காற்றடித்தால் கொல்லையே அழுவதுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

சேலைகளை மிதித்துக்கொண்டு போயிருக்கின்றன. மேற்கு மூலையோடு வடக்குப் பக்கமும் போயிற்று.

“இது போனா, மாட்டையும் வித்துட்டுக் கெளம்ப வேண்டிதுதான்” என்றார் இவர். ஹேமா கேட்டுக்கொண்டு நின்றாள். “நான் வர மாட்டன். எனக்கு இங்க ஸ்கூல் இருக்கு” என்றாள். இவர் எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

செப்டம்பர் 6, சனி

இவர் ஒரு சுருள் கம்பி வாங்கி வந்திருக்கிறார். பாகல் பந்தல் போடவாம். நாங்கள் பாகல் போடவில்லை. அடுத்த வருடம் போடலாம், இப்போதே வாங்கி வைத்தால் நல்லதுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இவர் நாள் முழுவதும் முளைக்குச்சி சீவினார். முழங்கால் உயரம்கூட இல்லை. பந்தலுக்கு இவ்வளவு குட்டைக் குச்சியா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ராத்திரி முழுக்க நாயைக் கட்டி வைக்கச் சொன்னார். ஹேமாவை, பொழுது சாய்ந்தபிறகு வாசலைத் தாண்டக் கூடாது என்று அதட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். “அப்பா சொல்றத கேளு” என்றேன்.

வீட்டு பல்பு மங்கி மங்கி எரிகிறது. இந்தப் பக்கம் எப்போதுமே கரண்ட் சரியில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாகச் செடிக்குச் சேதம் இல்லை. வடக்கு மூலையில் புது மண் கிளறியிருந்தது. எருக்குழி தோண்டியதாகச் சொன்னார். எருக்குழியை ஏன் மூடினார் என்று தெரியவில்லை. அவருடைய சட்டையில் ஒரு வாடை. இரண்டு முறை துவைத்தேன்.

காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், கொத்தாக வந்தது. மனசு நிறைந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பச்சியம்மா அண்ணி விடியும் முன்பே எங்கள் கொல்லை வரப்பு வழியாகப் புல்லறுக்கப் போகிறார். அதுதான் குறுக்குவழி. இத்தனை நாளும் நான்தான் அந்த வழியாக வரச் சொன்னேன்.

இன்று அவரிடம், “அண்ணி, வரப்புப் பக்கம் வராதீங்க. கண்ணாடி விரியன் ஒண்ணு கெடக்குது. நேத்து என் கண்ணால பாத்தன்” என்றேன்.

“அய்யய்யோ, எங்க?”

“வடக்கு மூலையில. இம்மாந்தண்டி இருக்குது. புள்ளைங்களையும் அனுப்பாதீங்க.”

“நல்ல வேளை சொன்ன” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யாரும் வராமல் இருந்தால் நல்லது. அறுவடை வரைக்கும்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

ஊர் முழுக்கப் பாம்புப் பேச்சு. குழாயடியில் ஒருத்தி, அதன் சீற்றம் தன் வீடுவரை கேட்டதாகச் சொல்கிறாள். இன்னொருத்தி ஜோடியாகப் பார்த்தாளாம். ஹேமா என்னிடம், “எந்த இடத்துலம்மா பாத்த? எனக்கும் காட்டு” என்றாள். படிக்கப் போ என்று விரட்டினேன்.

சாயங்காலம் நஞ்சப்பன் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, விரியன வச்சுக்கிட்டு பயந்துனு இருக்கியாமே? நான் வந்து அடிச்சுத் தர்றன்.”

“வேணாம் அண்ணா. அது போயிருக்கும்.”

“விரியன் அவ்வளவு சீக்கிரம் எடத்த விட்டுப் போவாது. கல்லக்கா புடுங்கறப்போ யாரையாவது போட்டுச்சுன்னா?”

“இவரு பாத்துக்குவாரு அண்ணா.”

அவர் சிரித்தார். “முனிராஜா? அவன் ஓணானுக்கே பயப்படுவானே.”

இவர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இவர் பென்னாகரத்துக்குப் போயிருக்கிறார். கடலை காய வைக்கத் தார்ப்பாய் பார்க்க. கடைசி பஸ்ஸுக்குத்தான் வருவார். விளக்கு வைக்கும் நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். செய்தேன்.

தூறல் போடுகிறது. ஹேமா படித்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

நஞ்சப்பன் அண்ணன் இறந்துவிட்டார்.

எங்கள் வடக்கு வரப்பில் கிடந்தார். இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பார்த்துக் கூப்பாடு போட்டார். பக்கத்தில் தடி கிடந்தது. டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. கணுக்காலுக்கு மேலே கறுப்பாக ஒரு காயம். விரியன் கடித்தால் அப்படித்தான் கறுக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூச்சே இல்லை, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் அறுத்துத்தான் கொடுப்பார்கள் என்று மதியத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

பச்சியம்மா அண்ணி அழவில்லை. கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மழை.

செப்டம்பர் 28, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. இவருக்கும்தான். கம்பியைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவிட்டார். நாயை அவிழ்த்துவிட்டோம். அது வடக்கு வரப்பில் போய் மோந்துகொண்டே நிற்கிறது. கல்லெறிந்து விரட்டினேன்.

அக்டோபர் 1, புதன்

பச்சியம்மா அண்ணி வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுபோனேன். சுகன்யா வாங்கிக்கொண்டாள். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு மழை தூறுது, நாளைக்குப் போங்கன்னு சொன்னன். ‘அந்தப் பொண்ணு பயந்துனு கெடக்குது, ஈரத்துக்கு இப்பதான் வெளிய வரும்’னு சொல்லிட்டுப் போனாரு. உன் பாம்பைத் தேடித்தான் போனாரு, மாதேஸ்வரி.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாத்திரத்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மறுபடியும் பன்றி. கிழக்குப் பக்கம் இரண்டு பாத்தி போயிற்று.

சுகன்யா பள்ளிக்கூடம் போவதில்லை என்று ஹேமா சொன்னாள். ஏர் மாடுகளை விற்றுவிட்டார்கள். பெங்களூருக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி நேற்று அவர்கள் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனானாம். எங்களைக் கூட்டிப்போனவனும் அவன்தான். தாயும் பெண்ணும் சேர்ந்து வந்தால் ஒரே கொட்டகையில் தங்கிக்கொள்ளலாம் என்கிறானாம். அந்தக் கொட்டகைகளை எனக்குத் தெரியும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது.

அக்டோபர் 7, செவ்வாய்

விமலா அக்கா குழுக் கூட்டத்துக்கு வந்தார். வெளியூர்க் குழுவிலிருந்தும் சில பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரையும் எங்கள் கொல்லைக்குக் கூட்டி வந்தார்.

“சுத்தியும் பன்னி சேதம். இவங்க மட்டும் எப்படிக் காப்பாத்தியிருக்காங்க பாருங்க. மறுபடியும் விழாம நின்ன குடும்பம் இது. மாதேஸ்வரி, எப்படின்னு நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேலை கட்டினோம், முடி தூவினோம் என்று சொன்னேன். ஒருத்தி அதை எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் விமலா அக்கா, “பாவம், பச்சியம்மாதான். ஒரு பாம்பு ஒரு குடும்பத்தையே கவுத்துடுச்சு” என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று மதியம் இவர் பரணிலிருந்து கம்பியை இறக்கினார்.

“இன்னும் ரெண்டு வாரந்தான். புடுங்கி வீடு சேத்துட்டா போதும். இப்ப யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல” என்றார்.

“ஏங்க, இன்னுமா?”

“பின்ன என்ன பண்ணச் சொல்ற? ஒரு வீடு விழுந்தது போதாதா? ரெண்டும் விழணுமா? அவங்க நெலத்த வேணா நாமளே ஓட்டி, பாதி வெளைச்சலக் கொடுப்பம். நஞ்சப்பனுக்கு நான் செய்யாம யாரு செய்வா?”

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நஞ்சப்பன் அண்ணனின் நிலத்தையும் சுற்றி இந்தக் கம்பி ஓடுவதுபோல என் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதும் அரிவாளை எடுத்துக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டினேன். உள்ளங்கை கிழிந்தது.

நஞ்சப்பன் அண்ணன் செத்த அன்றைக்கு எழுதாததை இன்று எழுதுகிறேன். இருட்டியதும் கம்பிக்குக் கரண்ட் விடும் சுவிட்சைப் போட்டது நான். அடுப்பில் உலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பல்பு மங்கித் திரும்ப எரிந்தது. வடக்குப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹேமா தலையைத் தூக்கி, “என்னம்மா அது?” என்றாள். “பன்னி” என்றேன். பன்றி இல்லை என்று எனக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுஷக் குரலுக்கும் பன்றிக் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? உலை கொதித்தது, அரிசியைப் போட்டேன். சுவிட்சை அணைக்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. இவர் வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். கம்பியைப் பிடுங்கி எறிந்தார். என் தோளைப் பிடித்து, “பாம்புன்னு சொல்லு. நீதான் ஏற்கனவே சொல்லியிருக்கியே, எல்லாரும் நம்புவாங்க” என்றார்.

நம்பினார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் பச்சியம்மா அண்ணி வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சுகன்யாவையும் சின்னவளையும் வெளியே அனுப்பச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாம்பு இல்லை என்பதை முதலில் சொன்னேன். பிறகு கம்பி. பிறகு சுவிட்ச்.

அவர் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்து முடித்துவிட்டுப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“காலு கருகியிருந்துச்சு. பாம்பு கடிச்சா இப்படித் தீஞ்ச வாடை வருமான்னு எங்கண்ணனக் கேட்டன். வாயை மூடுன்னான்.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கத்துனாரா?”

“ஒரு தடவை.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அண்ணி.”

“அண்ணின்னு கூப்புடாத” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர் அழுவது கேட்டது. அவர் கணவர் இறந்த பிறகு முதல் முறையாக அழுகிறார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். தவிடு கலந்து வைத்தார். பிறகு குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

“ஸ்டேஷன்ல கேட்டா சுவிட்ச் போட்டது நான்தான். பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாலயே போட்டுட்டுப் போனன். நீ வாயத் தொறக்காத. ஹேமாவுக்கு ஒரு ஆளாவது வேணும்.”

அக்டோபர் 13, திங்கள்

போலீஸ் வந்தது. பச்சியம்மாவின் அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேஸ் முடியும்வரை பச்சியம்மா பெங்களூருக்குப் போகவில்லையாம். தாசில்தார் முன்னால் குழியைத் தோண்டினார்கள். நான் போகவில்லை. இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே நின்று பார்த்தது. ஹேமா ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஹேமாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், சுவிட்ச் போட்டது நான் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி என்னையும் ஹேமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நான்தான்னு சொல்றீங்க. விசாரிப்பம். கூப்புடறப்ப வரணும், ஊரவிட்டு எங்கயும் போகக் கூடாது” என்றார்.

கம்பிக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் கொட்டாய் வீடுகளில் எங்கள் வீட்டிலும் பச்சியம்மா வீட்டிலும் மட்டும் விளக்கு இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

இலை பழுத்துவிட்டது. இனி விட்டால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். மேற்கும் வடக்கும் போக, மீதியிலும் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. ஆள் கேட்டு வீடு வீடாகப் போனேன். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விமலா அக்காவுக்கு போன் செய்தேன். பயிற்சியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நானும் ஹேமாவும் பிடுங்க ஆரம்பித்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பாத்திகூட முடியவில்லை. மழை வரும்போல் இருக்கிறது. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே ஹேமா என் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அக்டோபர் 25, சனி

காலையில் நாங்கள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது எதிர்க் கோடியில் யாரோ இறங்குவது தெரிந்தது. பச்சியம்மா. பின்னால் சுகன்யா.

நான் நிமிர்ந்து நின்றேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தார். மதியம் அவர்கள் கொண்டுவந்த கூழை வேப்பமரத்தடியில் குடித்தார்கள். பிறகு காய் ஆய உட்கார்ந்தார்கள். வேலை நேர்த்தியாக இருந்தது. ஒரு காய்கூடக் கொடியில் தங்கவில்லை.

பொழுது சாயும்போது காயைக் குவித்தோம். நான் படியை எடுத்து, இருந்ததில் பாதியை அவர்கள் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் திரும்பக் குவியலிலேயே கொட்டினார். ஊரில் கொடுக்கும் கூலி எவ்வளவோ அதைத் தானே அளந்து எடுத்துக்கொண்டார். சுகன்யா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் பச்சியம்மா பேசினார்.

“நாளைக்கும் வர்றன். எனக்கும் கூலி வேணும். என்கிட்ட மட்டும் பேசாத.”

சரி என்று தலையாட்டினேன். அவர் வடக்கு வரப்பு வழியாகப் போகவில்லை. ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள், இருட்டும்வரை இருவரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.